முட்டைக்காரர் பக்கத்து முயல்

ஹேமா கேட்டதால் இதை எழுதுகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாக எழுதியிருப்பேன். லண்டன் இல்ஃபோர்டில் இருக்கும் எங்கள் சட்ட அலுவலகத்தை இப்போது நடத்துகிறவர் அவர்தான். புதிதாகப் பொலிஸ் நிலையங்களுக்குப் போகத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு ஒரு பழைய ஆளின் அனுபவம் உதவும் என்று நினைக்கிறார். அந்தப் பழைய ஆள் நான். சட்டத்தரணி அல்ல. கடையில் ஷிப்ட் செய்துகொண்டே பரீட்சை எழுதி, விசாரணைக்குப் போகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் அனுமதியைப் பெற்றவன். உங்களில் பலரும் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

விசாரணை அறையில் என்ன நடக்கும், எந்தப் படிவத்தில் என்ன எழுதவேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பக்கத்து மேசைக்காரர் மீது உங்களுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலையும் பையில் போட்டுக்கொண்டுதான் பொலிஸ் நிலையத்துக்குப் போவீர்கள். அது அங்கே என்ன செய்யும் என்பதை ஒரு முயல் எனக்குக் காட்டித் தந்தது.

ஹேமா கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், இங்கே வந்து இன்னொன்று. அவர் வந்த முதல் வாரமே ஜன்னல் பக்கத்து நாற்காலி அவருக்குப் போயிற்று. எட்டு வருடமாக நான் அந்த நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதியம் தயிர்ச்சாதம் கொண்டுவருவார், ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தாது. கோப்புகளில் மஞ்சள் நிறத்தில் கோடு போடுவார், ஒரு கோடும் கோணாது. எங்கள் அலுவலகத்தை அப்போது நடத்திய பெரியம்மா, அதாவது உரிமையாளரான மூத்த சட்டத்தரணி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு சிக்கலைச் சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். நான் வாயைத் திறப்பேன். "ஹேமா என்ன நினைக்கிறா?" என்பார். திறந்த வாயை ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொள்வேன்.

இதையும் தாங்கியிருப்பேன். ஒரு நாள் முன் கவுண்டரில், இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிசி ஒருவர், பதினைந்து வருடமாக என்னைத் தெரிந்தவர், என் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "அந்த இந்தியப் பிள்ளை இருக்கிறாவோ?" அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது.

இந்த நிலையில்தான் மரியதாஸ் வந்தார்.

மரியதாஸ் மன்னார்க்காரர். தமிழ்க் கடைகளுக்கு முட்டை கொண்டுபோகும் வான் ஓட்டுகிறவர். ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் லண்டனின் கிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு பண்ணைக்குப் போய் முட்டை ஏற்றிக்கொண்டு, தேவாலயப் பூசைக்கு முன் திரும்பிவிடுவார். ஒரு ஞாயிறு, பண்ணைக்கு வெளியே பொது ரோட்டின் புல் ஓரத்தில் நின்று, கெற்றப்போலால் ஒரு முயலை அடித்தார். ஹேமா அதை உண்டிவில் என்பார், பொருள் ஒன்றுதான். சைக்கிளில் வந்த ஒருவர் பார்த்துவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லிவிட்டார். அடுத்த சந்தியில் வானை மறித்தார்கள். முன் சீட்டில் பிளாஸ்டிக் பைக்குள் முயல், அதன் பக்கத்தில் கெற்றப்போல். செவ்வாய்க்கிழமை பிற்பகல் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள்.

ஒரு முயலுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று உங்களுக்குத் தோன்றும். மரியதாஸின் குடியுரிமை விண்ணப்பம் அப்போது உள்துறையில் கிடந்தது. மனைவியும் இரண்டு மகள்களும் ஏற்கெனவே பிரஜைகள். குடும்பத்தில் அவர் ஒருவர்தான் பாக்கி. குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்குகிற பொலிஸ் எச்சரிக்கை, இங்கே கோஷன் என்பார்களே, அது ஒன்று பதிவானாலே 'நன்னடத்தை' என்ற கட்டத்தில் விண்ணப்பம் இடறி விழும். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்து அவருடைய விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை மாலை ஹேமா என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, நாளைக்கு நானும் வரட்டுங்களா? ரோட்டோரத்துல வேட்டையாடறது கொஞ்சம் சிக்கலான சட்டம். பழைய காலத்துச் சட்டம் வேற."

"தேவையில்லை," என்றேன். "ரோட்டு பொது ரோட்டு. முயல் ஆரின்ரையும் வளர்ப்பு முயல் இல்லை. இதிலை என்ன சிக்கல்?"

"சரிங்கண்ணா. நோட்ஸ் கொஞ்சம் எழுதி வெச்சேன். ஒரு தடவ பாத்துக்குங்க."

ஒரு பக்கத் தாள். மஞ்சள் கோடுகள், கோணாத கோடுகள். அவர் திரும்பிப் போகும்வரை காத்திருந்து, என் தேநீர்க் கோப்பையை அதன் மேல் வைத்தேன்.

என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். பொது ரோட்டில் நின்று யாருக்கும் சொந்தமில்லாத முயலை அடிப்பது குற்றமே இல்லை என்று நான் ஒரே போடாகப் போட்டு, மரியதாஸைக் கையோடு கூட்டிவந்து, அடுத்த திங்கள் கூட்டத்தில் பெரியம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்க்கும்போது, இந்த முறை பிஸ்கட் ஹேமாவின் கையில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் சட்ட ஆராய்ச்சி.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு முன்பு, ஆலோசனைக்கென்று தருகிற சின்ன அறையில் நானும் மரியதாஸும் இருந்தோம். அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டு வந்திருந்தார். நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில், "அண்ணை, அந்த முயலிலை பங்கு ஒண்டு…" என்று தொடங்கினார்.

நான் கையைத் தூக்கி மறித்தேன்.

"பங்கு கிங்கு எண்டு அங்கை ஒண்டும் கதையாதேங்கோ. இன்னும் ஆக்கள் சேந்து வேட்டைக்குப் போன மாதிரி வந்திடும். கூட்டமாப் போனால் தண்டனை கூட. ரோட்டிலை நிண்டன், அடிச்சன். அவ்வளவும் போதும்."

"ஓம் அண்ணை," என்றார். வாயை மூடிக்கொண்டார்.

கூட்டமாகப் போனால் தண்டனை கூடும் என்பது உண்மைதான். அரைச் சட்டம் தெரிந்தவன் ஆபத்தானவன் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

விசாரித்த பொலிஸ்காரர் அமைதியான மனிதர். நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. மரியதாஸ் நான் சொன்னபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். ரோட்டில் நின்றேன், கெற்றப்போல் என்னுடையது, முயலை நான்தான் அடித்தேன். ரோட்டின் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "முட்டைக்காரர் பக்கம்" என்றார்; பண்ணைக்காரரை அவர் அப்படித்தான் சொல்வார். அதையும் ஒலிப்பதிவு எடுத்துக்கொண்டது. பொது ரோடு என்ற என் வாதத்தை நான் இடையில் அழகாகச் சொருகினேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தியும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பொலிஸ்காரர் பேனாவை மூடினார். பொது மக்களுக்கு ரோட்டில் இருப்பது போய்வருகிற உரிமை மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னார். புல் ஓரமும், நடுக்கோடு வரைக்கும் ரோட்டுக்குக் கீழே இருக்கிற மண்ணும், பொதுவாகப் பக்கத்து நிலத்துக்காரருக்கே சொந்தம். போகிற வழியை விட்டு அங்கே நின்று முயலைத் தேடினால் அது அத்துமீறி நுழைந்து வேட்டையாடிய குற்றம். முயலும் அந்தச் சட்டத்துக்குள் வரும். உங்கள் கட்சிக்காரர் எல்லாவற்றையும் நேர்மையாக ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகையால் ஒரு கோஷனோடு இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். யோசிக்க இருபது நிமிடம் தந்தார்.

அந்த நேர்மையான ஒப்புதல் என் வேலை. வாயைத் திறக்காமல் இருந்திருக்கவேண்டிய மனிதரை நான்தான் பேசவைத்தேன். பேசியிருக்கவேண்டிய ஒன்றை நான்தான் மறித்தேன். ஆனால் இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

திரும்பவும் அந்தச் சின்ன அறை. என் கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது. ஹேமாவைக் கூப்பிட்டால் இரண்டு நிமிட வேலை. கூப்பிட்டால், "நோட்ஸ்ல எழுதியிருந்தேனே அண்ணா" என்பார். அந்த ஒரு வசனத்தைக் கேட்கப் பயந்து நான் மரியதாஸிடம் சொன்னேன்:

"கையெழுத்தைப் போட்டிட்டுப் போவம். சின்ன விஷயம். பிறகு விண்ணப்பத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதலாம்."

இதைப் படிக்கிற உங்களுக்கு என் மீது கோபம் வந்தால் நியாயம். ஒரு மனிதன் பதினோரு வருடமாகக் காத்திருந்த குடியுரிமையை, என் முகம் சிவக்காமல் இருப்பதற்காக நான் விற்கத் தயாராக இருந்தேன். அந்த அறையில் வேறு காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

மரியதாஸ் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. ஹேமா தங்கச்சியை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

அவரும்! கவுண்டரில் அந்த மனிசி கேட்டது திரும்பக் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கட்சிக்காரர் கேட்டுவிட்டார், இனி மறுக்க ஏலாது. ஹேமாவுக்குப் போன் எடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். நடந்ததைச் சுருக்கிச் சொன்னேன். என் பங்கை இன்னும் சுருக்கினேன்.

"நோட்ஸ்ல" என்ற சொல்லை அவர் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அவர் மீது ஒரு குறையாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

"மரியதாஸ் அண்ணா, கேக்குதுங்களா? ஒண்ணு சொல்லுங்க. முயல் கிடைச்சா என்ன பண்ணுவீங்க? முழுசும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

மரியதாஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"இல்லைத் தங்கச்சி. ஒரு பின்னந்துடை முட்டைக்காரருக்குக் குடுக்கோணும் எல்லோ. அவரின்ரை மண்ணிலை விழுந்தது."

"யாரு, அந்தப் பண்ணைக்காரருக்கா? அவரு வாங்கிக்குவாருங்களா?"

"ஏன் வாங்காமல்? மூண்டு வருஷமா வாங்குறார். அவரின்ரை மனிசி அதிலை பை எண்டு ஒரு இறைச்சிப் பணியாரம் சுட்டு எனக்கும் ஒரு துண்டு தருவா. தன்ரை கீரையெல்லாத்தையும் முயல் திண்டு போடுது, எத்தினை வேணுமெண்டாலும் பிடி எண்டு அவர்தான் முதல் நாளே சொன்னவர்."

 ஹேமா நிதானமாகக் கேட்டார்.

"ரோட்டுல அவரு நிலம் இருக்கற பக்கம்தான நின்னீங்க?"

"ஓம். முட்டைக்காரர் பக்கம். விசாரணையிலையும் அதைத்தானே சொன்னனான்."

"அண்ணா," என்று என்னைக் கூப்பிட்டார். "கையெழுத்துப் போட வேண்டாம். நடு ரோடு வரைக்கும் அந்தப் பண்ணைக்காரர் மண்ணுன்னா, அவரு குடுத்த அனுமதியும் நடு ரோடு வரைக்கும் வரும். அத்துமீறலே இல்லைங்கண்ணா. அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

போட்டேன். பண்ணைக்காரரின் மனைவிதான் எடுத்தார். பொலிஸ்காரரிடம் போனைக் கொடுத்தேன். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் வாசலில் முயல் கால் ஒன்றைத் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போகிற மனிதனை எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டது, எதிரில் இருந்த எனக்கே கேட்டது. பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். ரோட்டில் ஆட்கள் போகிற இடத்தில் கல் விடுவது ஆபத்து, இனிமேல் வேலிக்கு உள்ளே நின்று அடியுங்கள் என்று மரியதாஸுக்குப் புத்தி சொன்னார். பண்ணைக்காரரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டு, மேல் நடவடிக்கை இல்லை என்று மூடிவிட்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று மரியதாஸிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நீங்கள்தானே அண்ணை பங்கைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் எண்டனீங்கள்."

இனி என்னை மிகவும் அரித்த இடத்துக்கு வருகிறேன். நான் பிறந்தது பரந்தனுக்குப் பக்கத்தில், காட்டோரம். என் மாமா வேட்டைக்காரர். இறைச்சி பங்குபோடுகிற முறை எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். பின்னந்தொடை இரண்டில் ஒன்று, விலங்கு விழுந்த மண்ணுக்குரியவருக்கு. மற்றது, அதை முதலில் கண்டவருக்கு. அடித்தவருக்குக்கூட அதற்குப் பிறகுதான். யார் முதலில் கண்டது என்ற சண்டையில் மாமா பக்கத்து வீட்டாரோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தார். மரியதாஸ் பங்கு என்று தொடங்கியபோது, அந்த அறையில் அதை விளங்கக்கூடிய ஒரே ஆள் நான். இந்த லண்டனில் அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டே இராத ஒருத்தர், ஒரு முயலைத் தொட்டும் பார்க்காத ஒருத்தர், சும்மா மனிதத்தனமாக ஒரு கேள்வி கேட்டு அதை வெளியே எடுத்தார். சட்டத்தில் அவர் என்னை வெல்வது பழகிப்போயிருந்தது. இது என் வீட்டு முற்றம். இங்கேயும் அவரா?

அலுவலகத்துக்குத் திரும்பினேன். கோப்பையைத் தூக்கி அந்தத் தாளைப் பார்த்தேன். தேநீர் வட்டம் பாதி மறைத்திருந்தாலும் மூன்றாவது வரியைப் படிக்க முடிந்தது: 'நிலத்துக்காரர் யார்? அனுமதி கொடுத்திருக்கிறாரா?' தாளை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டேன். ஓய்வு பெற்ற நாளில் அதையும் எடுத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெரியம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "முயல் கேஸ் என்ன மாதிரி, ஹேமா?" என்றார். என் கேஸையும் அவரிடமே கேட்டார்.

"அண்ணாதான் பாத்துக்கிட்டாருங்க," என்றார் ஹேமா. "பண்ணைக்காரர்கிட்டப் பேசி, அங்கயே முடிச்சிட்டாரு."

பெரியம்மா என் பக்கம் திரும்பி, "அருமை" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனில் வழி காட்டியது ஹேமாதான் என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்குப் போதுமான இடைவெளி இருந்தது. நான் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "பெரிய விஷயமில்லை" என்றேன்.

பாராட்டை அப்படி எடுத்துக் கொடுக்க அவரால் முடிந்தது, அது அவரிடம் நிறையக் கிடந்தது. அதற்காகவும் அவர் மேல் பொறாமைப்பட்டேன்.

சில மாதங்களில் மரியதாஸுக்குக் குடியுரிமைக் கடிதம் வந்தது. நகர மண்டபத்தில் சத்தியம் எடுத்த மறு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள். வேலிக்கு உள்ளே நின்று அடித்த முயல் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றை எனக்குத் தந்தார். மற்றதை இரண்டு கையாலும் பிடித்து ஹேமாவிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இது உங்கடை பங்கு."

மூடிகளைத் திறந்தோம். என்னுடையதில் விலா எலும்பும் கழுத்தும். ஹேமாவினுடையதில், மிளகாய்த்தூள் கறியில் முழுசாக, வெட்டாமல், ஒரு பின்னந்தொடை.

"ஐயோ அண்ணா, நான் வெஜ்ஜுங்க," என்றார் ஹேமா. மரியதாஸின் முகம் வாடுவதற்குள் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அண்ணா, நீங்க சாப்பிடுங்க. உங்க கேஸ்தானே."

மரியதாஸ் என்னைப் பார்த்தார்.  கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்த அறையில் நடந்தது அவருக்குத் தெரியும். யாருக்கு எந்தப் பங்கு என்பதை அவர் பிழையாகப் பிரிக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு இரண்டு பெட்டியையும் வெறுமையாக்கினேன். கறி மிக நன்றாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சின்ன அறையில் ஒருவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால் கையைத் தூக்காதீர்கள். கையெழுத்துக்கு முன்னால், யாரைக் கூப்பிட உங்களுக்குக் கடைசியாக மனம் வருமோ அவரை முதலில் கூப்பிடுங்கள். பொறாமை போகும் என்று நான் சொல்லமாட்டேன். என்னுடையது போகவில்லை. போன மாதம் அலுவலகத்துக்கு வந்தபோதும் அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியைத்தான் முதலில் பார்த்தேன்.

ஹேமா, அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை நீங்கள் படிப்பீர்கள், மஞ்சள் கோடும் போடுவீர்கள். அன்று மரியதாஸ் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தத் தொடை, முதலில் கண்டவருக்கு உரியது. அதை நான் தின்றுவிட்டேன்.